ஏசி போட்டும் அறை குளிரவில்லையா? பரணிலிருந்து இறங்கும் அனலை அடைக்கும் முறை

கடலூர் முதுநகரில் எங்களுடையது பழைய சீமை ஓட்டு வீடு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பின்கட்டு ஓடுகளில் பாதி பறந்துபோயின. திரும்ப ஓடு வேய்ந்தபோது அப்பா படுக்கும் அறைக்கு மட்டும் ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டோம். அவருக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வருஷம் ஏசியும் வைத்தோம். அறை 10-க்கு 12 அடி, ஒரு டன் ஏசி. தாராளமாகப் போதும். ஆனால் சித்திரை மதியத்தில் ஏசி மூச்சு விடாமல் ஓடும், அறை மட்டும் குளிராது. மெக்கானிக் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, கேஸ் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

கடைசியில் கண்டுபிடித்தது அப்பாதான். நாள் முழுக்க மல்லாந்து படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். "மெஷின்ல ஒண்ணும் இல்லடா. மேலேர்ந்து அனல் இறங்குது, மூஞ்சில தெரியுது" என்றார். ஸ்டூல் போட்டு ஏறி, சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் கையை வைத்தேன். அடுப்பு வாயில் கை வைத்தது போல இருந்தது. சீலிங் போட்டவர் ஓரத்தை அடைக்காமலே, பார்வைக்கு ஒரு கார்னிஸ் பட்டையை ஒட்டி மறைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் இடத்தை எங்கள் வீட்டில் பரண் என்போம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மாடியில் தகர ஷீட் போட்டு அதன் கீழே சீலிங் அடித்திருந்தாலும் இதே முறைதான். புதுச்சேரி பக்கம் வாடகைக்கு விடும் மாடி அறைகளில் இது நிறையவே உண்டு.

அனல் ஏன் கீழே இறங்குகிறது?

சூடான காற்று மேலேதானே போகும், எப்படி இறங்கும் என்று நானும் முதலில் குழம்பினேன். இதைப் பற்றிய வெளிநாட்டு வீடியோக்கள் பெரும்பாலும் குளிர் ஊர்களுக்கானவை. அங்கே ஹீட்டர் போட்ட அறையின் சூடு மேலே ஏறிப் பரண் வழியாகத் தப்பிக்கிறது. நம் ஊரில் கதை தலைகீழ். ஏசி குளிர்வித்த காற்று கனமானது. அது தரையில் தேங்கி, கதவின் அடி இடுக்கு வழியாக வெளியே வழிகிறது. போன காற்றுக்கு ஈடாக வேறு காற்று வந்தாக வேண்டும். மேலே இடுக்கு இருந்தால் அது பரணிலிருந்துதான் வரும். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் இன்னும் வேகமாக இழுக்கும்.

வருவது வெறும் சூடும் அல்ல. நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தைப் பிழிந்து எடுக்கவே ஏசியின் சக்தியில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஏசியிலிருந்து தண்ணீர் நிற்காமல் சொட்டியும் படுக்கை பிசுபிசுக்கிறது என்றால், வெளிக்காற்று எங்கிருந்தோ வருகிறது என்று சந்தேகப்படலாம்.

சின்ன இடுக்குதானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். எங்கள் அறையின் சுற்றளவு 44 அடி, ஏறக்குறைய 13.4 மீட்டர். அதைச் சுற்றி 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், அதாவது இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கிய தடிமன் அளவுக்கு, மொத்தம் 400 சதுர சென்டிமீட்டர் திறப்பு. கிட்டத்தட்ட அரை சீமை ஓட்டின் பரப்பு. தலைக்கு மேலே அவ்வளவு பெரிய ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசி போட்டிருந்தோம்.

எந்த அறைக்கு இது வேண்டாம்

ஏசி இல்லாத அறைக்குச் செய்யவே செய்யாதீர்கள். ஃபேனை நம்பி இருக்கும் கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் சூடு மேலே ஏறி வெளியேறும் வழி இருந்தாக வேண்டும். பழைய வீடுகளில் அதற்கென்றே வைத்த முற்றத்தையும் மேல் ஜன்னலையும் அடைப்பது பாவம்.

சமையலறை, கேஸ் கீசர் இருக்கும் குளியலறை இரண்டையும் கண்டிப்பாக அடைக்கக் கூடாது. எரியும் கேஸுக்குக் காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். இன்வர்ட்டர் பேட்டரி வைத்திருக்கும் அறையும் காற்றோட்டமாகவே இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும்.

படி 1: இடுக்குகளைக் கண்டுபிடியுங்கள்

முதலில் கண்ணால் பாருங்கள். ஃபேன் ராடின் மேல்முனையை மூடும் கப்பைச் சுற்றி, லைட்டின் விளிம்பில், சீலிங் ஓரத்தில் புகை படிந்ததுபோல் கறுப்புக் கோடு தெரிகிறதா? வருஷக்கணக்கில் காற்று அந்த வழியாக வந்துபோய், தூசியை அங்கே விட்டுச் சென்ற தடம் அது. எங்கள் அறையில் இது வடக்குச் சுவர் முழுக்க இருந்தது. ஒட்டடை என்று நினைத்து அம்மா வருஷா வருஷம் பொங்கலுக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து ஊதுபத்திச் சோதனை. ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்தி ஜன்னலைச் சாத்துங்கள். அறையை ஒட்டிய பாத்ரூமின் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, அந்தக் கதவைத் திறந்து வையுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் கேஸ் அடுப்போ கீசரோ எரியக் கூடாது. இனி ஊதுபத்தியைக் கொளுத்தி, சீலிங் ஓரத்தில் மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். புகை நேராக எழுந்தால் அந்த இடம் சரி. கீழே மடங்கினால் அங்கே இடுக்கு. பென்சிலால் ஒரு குறி போடுங்கள். திரைச்சீலை பக்கத்தில் கவனம்.

சுவிட்ச் போர்டை மறக்காதீர்கள். எனக்கு இருந்ததிலேயே பெரிய ஆச்சரியம் அதுதான். வயர் வரும் பிவிசி பைப், பரணிலிருந்து சுவருக்குள் இறங்கி நேராக போர்டில் முடிகிறது. மேல் வாய் திறந்தே இருக்கிறது. பிளக் பாயிண்ட் துளை அருகே பத்தியைப் பிடித்தால் புகை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத வீட்டில் ராத்திரி ஒருவர் பரண் வாசலில் நின்று டார்ச் அடிக்கட்டும். கீழே விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் தெரியும்.

படி 2: பரணில் ஏறும் முன்

காலை 6 மணிக்கு ஏறி 9 மணிக்குள் இறங்கிவிடுங்கள். கத்திரி வெயிலில் பரணுக்குள் மதியம் இருப்பது ஆபத்து, மயக்கம் வரும். மெயினை அணையுங்கள். தலையில் மாட்டும் டார்ச், என்-95 மாஸ்க், முழுக்கைச் சட்டை, கையுறை வேண்டும். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜிப்சம் போர்டு ஆள் எடையைத் தாங்கவே தாங்காது. அதைப் பிடித்திருக்கும் மெல்லிய இரும்புச் சட்டமான ஜிஐ சேனலும் தாங்காது. கடற்காற்றில் உப்பு அரித்திருந்தால் கேட்கவே வேண்டாம். உத்திரத்திலிருந்து உத்திரத்துக்குக் கனமான பலகை போட்டு, அதன்மேல் மட்டும் தவழ்ந்து போங்கள். உத்திரத்தில் கரையான் இருந்தால் ஏறவே ஏறாதீர்கள், தச்சரைக் கூப்பிடுங்கள். மேலே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதை அறுக்கவோ துளைக்கவோ தேய்க்கவோ கூடாது. அதன் தூசியைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது.

ஏறியதும் வேலையைத் தொடங்காமல் ஐந்து நிமிஷம் சும்மா பாருங்கள். அணில், மரநாய், குளவிக்கூடு எது வேண்டுமானாலும் இருக்கலாம். குட்டி போட்டிருந்தால் அவை போகும்வரை பொறுங்கள். உள்ளே உயிர் இருக்கும்போது அடைப்பது கொடுமை. அப்புறம், தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் எங்கள் முகட்டு ஓட்டில் ஒரு கசிவு. அதைச் சரிசெய்யாமல் கீழே அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கி ஜிப்சமே ஊறி விழுந்திருக்கும்.

படி 3: வாங்க வேண்டியவை

இடுக்கை அடைக்கும் பசையான அக்ரிலிக் சீலன்ட் 2 டியூப். 300 மில்லி டியூப் ஒன்றில், 5 மில்லிமீட்டர் தடிமனில் இழுத்தால் 12 மீட்டர் வரும். எங்கள் அறைச் சுற்றளவுக்கு ஒன்று மட்டும் போதாது. அதைத் தள்ளும் கன் ஒன்று. அடித்ததும் நுரைத்து ஊதி இறுகும் பியூ (பாலியூரிதேன்) ஃபோம் ஸ்ப்ரே ஒன்று. ஒட்டும் ஃபோம் டேப் ஒரு சுருள். வயர் இருக்கும் இடங்களுக்கு நியூட்ரல் வகை சிலிகான் ஒன்று. புளித்த வினிகர் வாசனை அடிக்கும் சிலிகான் செம்பையும் தகரத்தையும் அரிக்கும், அதனால் கடையில் நியூட்ரல் என்று கேட்டே வாங்குங்கள். ஜிப்சம் போர்டின் துண்டு மிச்சம் இருந்தால் எடுத்து வையுங்கள்.

படி 4: அடைப்பது

சுவர் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். பாதி பலன் அதில்தான் இருக்கிறது. இதைக் கீழிருந்தே செய்யலாம், பரண் ஏறத் தேவையில்லை. கார்னிஸ் பட்டையின் மேலும் கீழும் தூசியை பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். சுண்ணாம்பு அடித்த பழைய சுவர் என்றால் பொடிப்பொடியாக உதிர்வதை முழுக்கச் சுரண்டிவிட வேண்டும். பொடிமேல் எந்த சீலன்ட்டும் நிற்காது. டியூப் முனையைச் சாய்வாக வெட்டி, கன்னை ஒரே வேகத்தில் இழுங்கள். இழுத்த கையோடு, ஈரமான விரலால் ஒரு முறை வழித்துவிடுங்கள். நிறுத்தி நிறுத்தி இழுத்தால் நிறுத்திய இடத்தில் எல்லாம் ஊசித் துளை விழும். சுவருக்குப் பூசும் பட்டியோ பிஓபியோ (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வைத்து இந்த ஓரத்தை அடைக்க வேண்டாம். மழைக்கும் வெயிலுக்கும் மரமும் சீலிங்கும் கொஞ்சம் அசையும், பட்டி விரிந்துவிடும். அக்ரிலிக் அசைவுக்கு இழுபட்டுக் கொடுக்கும், மேலே பெயின்ட்டும் பிடிக்கும்.

அரை அங்குலத்துக்கு மேல் அகலமான இடுக்குக்கு ஃபோம். சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்து, பாதி அளவுக்கு மட்டும் அடியுங்கள். அது தானே ஊதி மீதியை நிரப்பும். நிறைய அடித்தால் ஊதும் வேகத்தில் போர்டையே தள்ளிவிடும். கையில் பட்டால் லேசில் போகாது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஃபோம் தீப்பிடிக்கக்கூடியது. லைட், வயர் ஜாயிண்ட், சூடாகும் எதன் பக்கத்திலும் அடிக்கக் கூடாது. இரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்தால் ஜிப்சம் துண்டை வெட்டி வைத்து, ஓரத்தில் சீலன்ட் போடுங்கள்.

அடுத்து வயர் பைப். பரணில் பைப்பின் மேல் வாய் எங்கே என்று தேடி, வயர்களைச் சுற்றி நியூட்ரல் சிலிகானால் ஒரு மூடி போல அடையுங்கள். வயரை வெட்டுவதோ இழுப்பதோ வேண்டாம். வயர் உறை கருகியோ வெடித்தோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சீலிங்கில் பதித்த லைட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு துளைதான். அவற்றின் மேல் எதையும் போட்டு மூடினால் சூடு தங்கி லைட் போய்விடும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. நான் நான்கையும் கழற்றச் சொல்லிவிட்டு, துளையை ஜிப்சத்தால் மூடி, வெளியே ஒட்டி நிற்கும் எல்ஈடி பேனல் இரண்டு போட்டேன். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல வழி. ஃபேன் ராடு ஆடும், அதனால் சிலிகான் வேண்டாம். கப்பின் விளிம்பில் ஃபோம் டேப்பை வட்டமாக ஒட்டி, சீலிங்கோடு அழுந்தும்படி ஏற்றிவிட்டால் போதும்.

பரண் ஏறும் திறப்பின் சட்டத்தைச் சுற்றி ஃபோம் டேப் ஒட்டி, கதவை அழுத்திப் பிடிக்க இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள். ஏசியின் செம்புக் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தையும் பாருங்கள். முக்கால்வாசி வீடுகளில் அங்கே ஒரு துணியைச் செருகியிருப்பார்கள். துணியை எடுத்துவிட்டு ஃபோம் அடித்து, வெளிப்பக்கம் வெயில் படாமல் சிமெண்ட் பூசுங்கள். வெயிலில் ஃபோம் பொடிந்துவிடும்.

படி 5: அடைக்கக் கூடாத இடம்

நிறையப் பேர் தவறு செய்வது இங்கேதான். சூடு வருகிறது என்று ஓட்டு இடுக்கையும், எரவாணத்தில் கைமரங்களுக்கு நடுவில் இருக்கும் சந்துகளையும் அடைத்துவிடுகிறார்கள். பரணுக்குள் சேரும் சூடும் மழை ஈரமும் வெளியேற அந்த வழிதான் இருக்கிறது. அதை அடைத்தால் மரம் உளுக்கும், சேனல் துருப்பிடிக்கும், சீலிங்கில் பூஞ்சை பூக்கும். பரணுக்கும் அறைக்கும் நடுவில் காற்று வரக் கூடாது. பரணுக்கும் வெளிக்கும் நடுவில் தாராளமாக வர வேண்டும். எலி, பல்லி வருமே என்றால் எரவாணத்தில் கம்பி வலை அடியுங்கள்.

அறைக் கதவின் அடி இடுக்கையும் முழுக்க அடைக்காதீர்கள். உள்ளே ஆள் தூங்குகிறார், மூச்சுக்குப் புதுக் காற்று வேண்டும். அது கூடத்திலிருந்து வரட்டும். பரண் காற்றைவிட அது எவ்வளவோ மேல்.

சீலிங்குக்கு மேலே கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு) விரிக்கும் எண்ணம் இருந்தால் இதையெல்லாம் முடித்த பிறகு விரியுங்கள். அது சூட்டைத் தடுக்குமே தவிரக் காற்றைத் தடுக்காது.

படி 6: திரும்பப் பாருங்கள்

சீலன்ட் ஒரு நாள் காயட்டும். மறுபடி ஊதுபத்தியோடு ஒரு சுற்று வாருங்கள். எனக்கு முதல் சுற்றில் கார்னிஸ் மூலைகள் இரண்டு தப்பியிருந்தன. பிறகு மதியம் 2 மணிக்கு ஏசியை 24 டிகிரியில் வைத்துவிட்டு வெளியே கம்ப்ரஸர் சத்தத்தைக் கவனியுங்கள். எங்களுடையது பழைய மாடல், முன்பெல்லாம் அது ஓய்ந்து நான் கேட்டதே இல்லை. அடைத்த பிறகு அரை மணி நேரத்தில் நின்றது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கிளம்பியது. இன்வர்ட்டர் ஏசி என்றால் நிற்காது, சத்தம் தணியும். அன்று மதியம் அப்பா, வருஷம் முழுக்கக் கால்மாட்டில் மடித்தே கிடந்த போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

மழைக்காலத்தில் ஊதிய மரம் தை, மாசியில் காய்ந்து சுருங்கும்போது ஓரத்தில் மயிரிழை விரிசல் விடலாம். பங்குனியில் ஒரு தடவை பத்தியைக் கொளுத்திப் பார்த்து, விட்ட இடத்தில் மட்டும் மேலே ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். மீதி டியூபின் வாயில் ஒரு ஆணியைச் செருகி வைத்தால் அதற்குள் காயாமல் இருக்கும்.