மேடையில் பதிக்கும் கேஸ் ஹாப்: கல்லை வெட்டும் முன் பார்க்க வேண்டியவை

ஹாப், அதாவது சமையல் மேடைக் கல்லை வெட்டிப் பதிக்கும் அடுப்பு, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, மூன்று பர்னரா நான்கா என்பது. அது மூன்றாவதாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் மேடைக்கு அடியில் குனிந்து பாருங்கள்.

படி 1: அடியில் எவ்வளவு இடம்?

ஹாப்பின் அடிப்பெட்டி மேடை மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. கீழே இறங்கும். மாடலுக்கு மாடல் இது மாறும். கேஸ் நுழையும் எல்போ (வளைந்த குழாய்த் துண்டு) அதற்கும் கீழே தொங்கும். நேர் கீழே டிராயர் இருந்தால் இடிப்பது பெரும்பாலும் இந்த எல்போதான். டிராயர் வேண்டும் என்றால், நடுவில் ஒரு தடுப்புப் பலகை போட இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள்.

படி 2: கட்-அவுட்

இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 60 செ.மீ. ஹாப் என்றால் அது மேலே தெரியும் கண்ணாடியின் அகலம். கல்லில் வெட்ட வேண்டிய துளை அதைவிடச் சின்னது, பெரும்பாலும் 56 x 48 அல்லது 49 செ.மீ. சில 75 செ.மீ. ஹாப்களுக்கும் அகலத்தில் அதே 56 தான்! கண்ணாடியை அளந்து வெட்டினால் ஹாப் துளைக்குள் விழுந்துவிடும். இணையத்தில் பார்த்த அளவை நம்பியும் வெட்டக் கூடாது. ஹாப் வீட்டுக்கு வந்து, பெட்டிக்குள் இருக்கும் வரைபடத்தைப் பார்த்து, அடிப்பெட்டியையும் டேப் வைத்து அளந்த பிறகே கல் வெட்டுபவரைக் கூப்பிடுங்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியது இரண்டு. மூலைகளைச் சதுரமாக வெட்டாமல், முதலில் துளையிட்டு வளைவாக விட வேண்டும்; கூர்மையான மூலையிலிருந்துதான் கல் விரிசல் விடும். அடுத்தது, முன்பக்கம் மிஞ்சும் பட்டை. மேடை 60 செ.மீ. ஆழம், துளை 49 என்றால் மிச்சம் 11 தான். முன்னும் பின்னும் அதையே பிரிக்க வேண்டும். அந்த மெலிந்த பட்டைக்கு அடியில் ஒரு தாங்கல் கொடுக்கச் சொல்லுங்கள்.

படி 3: பாத்திரத்தை வைத்துப் பாருங்கள்

ஒரு பழைய அட்டையில் ஹாப்பின் அளவை வரைந்து பர்னர் மையங்களைக் குறியுங்கள். அதன்மேல் உங்கள் பெரிய குக்கரையும் வாணலியையும் வையுங்கள். இரண்டு மையங்களுக்கு நடுவே 25 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். 28 செ.மீ. பாத்திரமும் 24 செ.மீ. பாத்திரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்காது. இரண்டின் பாதியும் சேர்ந்தாலே 26 ஆகிவிடும். நெருக்கியடித்த நான்கு பர்னரைவிடத் தள்ளித் தள்ளி இருக்கும் மூன்று மேல் என்பது என் கட்சி.

படி 4: எந்த கேஸ்?

சிலிண்டரில் வருவது எல்.பி.ஜி., குழாயில் வருவது பெரும்பாலும் இயற்கை எரிவாயு. இரண்டுக்கும் ஜெட், அதாவது பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சும் சின்னத் துளை உள்ள திருகு, வேறு. இயற்கை எரிவாயு ஜெட்டின் துளை பெரியது. அதில் எல்.பி.ஜி. விட்டால் தீ மஞ்சளாக எழும்பிப் பாத்திரத்தில் கரி பிடிக்கும். பின்னாளில் மாற வாய்ப்பிருந்தால், மாற்று ஜெட் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்கி, டெக்னீஷியனை வைத்தே மாற்றுங்கள். சிம் அளவையும் அவர் சரி செய்ய வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

படி 5: மற்றவை

தீ அணைந்தால் கேஸ் தானாக நிற்கும் பாதுகாப்பு வசதி இல்லாத ஹாப்பை நான் வாங்கவே மாட்டேன். பர்னர் பக்கத்தில் குச்சி மாதிரி நிற்கும் தெர்மோகப்பிள், தீயின் சூட்டில் உண்டாகும் துளி மின்சாரத்தால் வால்வைத் திறந்து வைத்திருக்கும். மின்வெட்டிலும் இது வேலை செய்யும். பற்றவைத்ததும் நாபைச் சில வினாடி அழுத்திப் பிடிக்கச் சொல்வது அது சூடேறத்தான்.

பர்னர் பித்தளையாக இருக்கட்டும். ஸ்டாண்ட் வார்ப்பிரும்பு. நாப் எங்கே இருக்கிறது என்பது அவரவர் வசதி.

படி 6: பொருத்தியபின்

விளிம்பில் ஹாப்போடு வரும் நுரை டேப்பே போதும். சிலிக்கான் வேண்டாம், பழுது பார்க்கக் கழற்றும்போது கண்ணாடி உடையும். கேஸை நிறுத்தும் வால்வு கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்தால் வால்வை மூடிவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

பின்சேர்க்கை: "கீழ் அலமாரிக் கதவைச் சாத்தினால் சிம்மில் இருக்கும் தீ அணைகிறது, ஏன்?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். சில ஹாப்கள் எரியத் தேவையான காற்றை அடியிலிருந்து இழுக்கும். கதவைப் படாரென்று சாத்தும்போது உள்ளே அடைபட்ட காற்று பர்னர் வழியே மேலே தள்ளுகிறது. அலமாரிப் பலகையில் காற்றுத் துளை போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். எல்.பி.ஜி. என்றால் துளையை அடிப்பக்கம் போடுங்கள். அது காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும்.