யெட்டி கூலர் வாங்கலாமா?
ஒரு ராத்திரி முகாமுக்கு யெட்டி நிறுவனத்தின் கூலர் மாதிரி விலையுயர்ந்த ஐஸ் பெட்டி தேவையே இல்லை. கோடையில் மூன்று நாள் தங்குவதென்றால் வாங்கலாம், சுவருக்குள் இருக்கும் தடிமனான பாலியூரித்தேன் நுரையும் மூடியின் ரப்பர் பட்டையும் குளிரை நன்றாகவே பிடித்து வைக்கும். ஆனால் யெட்டியின் டன்ட்ரா 45 என்ற மாடல் காலியாகவே சுமார் 10 கிலோ, தூக்கி நடக்க வேண்டுமென்றால் யோசியுங்கள்.

எந்தப் பெட்டியானாலும் முந்தின இரவே கொஞ்சம் ஐஸ் போட்டு உள்ளே குளிர வையுங்கள், காலையில் அதைக் கொட்டிவிட்டு, சாமான் ஒரு பங்கு என்றால் ஐஸ் இரண்டு பங்காக இடைவெளி இல்லாமல் அடுக்கி, நிழலில் வைத்து, அடிக்கடி திறக்காமல் இருங்கள். உருகிய நீர் சில்லென்று இருக்கும்வரை வடிக்காதீர்கள்.

யெட்டி டம்ளரும் வாங்கலாமா? இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம் உள்ள சாதாரண ஸ்டீல் டம்ளரே போதும், மூடி மட்டும் இறுக்கமாக உட்கார வேண்டும்.