சதையியில் அரிய வகைப் புற்றுநோய்: ட்ரயல் தேடும்போது விடும் பிழைகள்

சதையியில் (கணையத்தில்) புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்ததும், மட்டக்களப்பாகட்டும் கல்முனையாகட்டும், வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை போனை எடுத்து "பங்கிறியாட்டிக் கான்சர் ட்ரயல்" என்று தேடத் தொடங்கும். ட்ரயல் என்றால், புது மருந்தையோ சிகிச்சையையோ நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு. முதல் பிழை அங்கேயே நடந்துவிடுகிறது. இந்தப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது அடினோகார்சினோமா என்ற வகை. தேடலில் வந்து குவிவதும் பெரும்பாலும் அதற்கான ட்ரயல்கள்தான். நியூரோஎண்டோகிறைன் கட்டி (ஹோர்மோன் சுரக்கும் செல்களில் வருவது), அசினார் செல் கார்சினோமா போன்ற அரிய வகைகளுக்கு மருந்தும் வேறு, நோயின் போக்கும் வேறு. ஸ்டீவ் ஜொப்ஸுக்கு வந்தது நியூரோஎண்டோகிறைன் கட்டி. 2003இல் கண்டுபிடித்தார்கள், 2011 வரை இருந்தார். செய்திகளில் பெரும்பாலும் வெறும் "கணையப் புற்றுநோய்" என்றே வந்தது.

அதனால் முதலில் பயொப்சி ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். கட்டியின் முழுப் பெயர், கிரேட் (எவ்வளவு தீவிரமானது என்ற தரம்), நியூரோஎண்டோகிறைன் என்றால் கேஐ-67 சதவீதம் (எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்ற அளவு), இவ்வளவும் தெரிய வேண்டும். நியூரோஎண்டோகிறைன் கட்டிகளுக்கான லுட்டீசியம் என்ற கதிரியக்க மருந்துக்கு நடந்து, 2024இல் முடிவு வெளியான நெட்டர்-2 ட்ரயலில் கேஐ-67 அளவு 10 முதல் 55 வரை உள்ளவர்களைத்தான், அதிலும் நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களைத்தான் சேர்த்தார்கள். அதற்கு முந்திய நெட்டர்-1இலும் அதே மருந்துதான், ஆனால் நடுக்குடல் கட்டிகளுக்கு மட்டும். சதையிக் கட்டி உள்ளவருக்கு அதில் இடமே இருக்கவில்லை.

ரிப்போர்ட் கொப்பி மட்டும் போதாது. பயொப்சியில் எடுத்த சதைத்துண்டை ஆய்வுகூடத்தில் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். "பிளொக்" என்று கேட்டால் விளங்கும். பல ட்ரயல்கள் அதைத் தாங்களே மறுபடி பார்க்கக் கேட்கும். டொக்டரின் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். ஸ்கானுக்கும் பிலிமைவிட சீடிதான் உதவும்.

"இருக்கிற மருந்தெல்லாம் பார்ப்போம், சரிவராவிட்டால் கடைசியில் ட்ரயல்" என்பது நம்மவர்கள் போடும் கணக்கு. பாதிதான் சரி. முந்திய மருந்து பலிக்காதவர்களுக்கென்றே நடக்கும் ட்ரயல்களும் உண்டு. கபோசான்டினிப் என்ற மருந்துக்கு நடந்த கபினெட் ட்ரயல் அப்படிப்பட்டது. ஆனால் நெட்டர்-2 போன்றவை ஆரம்பத்திலேயே ஆள் எடுப்பவை. கீமோ தொடங்கிவிட்டால் அந்த வாசல் அடைபடலாம். எனவே முதல் ஊசிக்கு முன்பே டொக்டரிடம் கேட்டுவிடுங்கள்: "சேர், இந்த மருந்தைத் தொடங்கினால் பிறகு ட்ரயலுக்குப் போக ஏலாமல் போகுமா?" எழும்பி நடமாடி, தன் வேலையைத் தானே பார்க்கிறவர்களைத்தான் பெரும்பாலும் சேர்ப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்காக ட்ரயல் வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கவும் கூடாது.

வெற்று மாத்திரை தந்து ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. கபினெட்டில் மூவரில் ஒருவருக்கு வெற்று மாத்திரைதான். ஆனால் கட்டி வளர்வது உறுதியானதும் அவர்களும் உண்மை மருந்துக்கு மாற வழி வைத்திருந்தார்கள். ஆகவே கேட்க வேண்டியது, "வெற்று மாத்திரை வந்தால், பிறகு மாற விடுவீர்களா?" என்பதுதான்.

இனி நம் வீடுகளுக்கே உரிய பிழை. இதைத்தான் பெரிய பிழை என்பேன். "வாப்பாவுக்குச் சொல்ல வேணாம் டொக்டர், தாங்க மாட்டார்", "அம்மாவுக்கு அல்சர் எண்டுதான் சொல்லியிருக்கிறம்." அன்பால் சொல்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் தன் நோய் என்ன, மருந்தால் என்ன ஆபத்து வரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதெல்லாம் நோயாளிக்கே விளங்கி, அவரே சம்மதக் கையொப்பம் வைக்க வேண்டும். சுயநினைவோடு இருக்கும் பெரியவருக்காக மூத்த மகன் வைக்கும் கையெழுத்து செல்லாது. மறைத்தே வைத்திருந்தால் ட்ரயல் கதையே இல்லை. தாள் இங்கிலீஷில் இருந்தால் தமிழில் கேளுங்கள். விளங்காததில் கையெழுத்து வைக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நாட்டு மருந்து எடுத்தால் அதையும் சொல்லிவிடச் சொல்லுங்கள். மருந்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

ட்ரயல் தேடும் இணையப் பதிவேடுகள்: இலங்கைக்கு எஸ்எல்சிடிஆர், இந்தியாவுக்கு சிடிஆர்ஐ, உலகம் முழுவதற்கும் கிளினிக்கல்ட்ரயல்ஸ்.கவ். மூன்றும் இலவசம். கடைசியாகச் சொன்னதில் "அக்டிவ், நொட் ரிக்ரூட்டிங்" என்று இருந்தால் ட்ரயல் நடக்கிறது, ஆனால் புது ஆள் எடுப்பதில்லை என்று அர்த்தம். "அக்டிவ்" என்ற சொல்லை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம்.

அக்கரைப்பற்றில் இருந்து மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவதே இரவு முழுக்க பஸ். சென்னை, வேலூர் என்றால் சொல்லவே வேண்டாம். முதலில் டிக்கெட் போட்டுவிட்டு அங்கே போய்க் கேட்போம் என்று கிளம்பாதீர்கள். பதிவேட்டில் உள்ள தொடர்பு முகவரிக்கு ரிப்போர்ட்டுகளை ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்பி, பதில் வந்தபின் மருத்துவ விசா எடுங்கள். எத்தனை மாதத்துக்கு, எத்தனை முறை வர வேண்டும், தங்குவதற்கும் போக்குவரத்துக்கும் ஏதாவது தருவார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ட்ரயலில் சோதிக்கும் மருந்துக்கு நோயாளியிடம் பணம் கேட்பது வழக்கமில்லை. "பெயர் பதிய இவ்வளவு" என்று இடையில் யாராவது கணக்கு நம்பர் அனுப்பினால், அதை உங்கள் கிளினிக் டொக்டரிடம் காட்டாமல் ஒரு சதமும் போடாதீர்கள்.