கித்தானுக்கு முதலில் தண்ணீர் காட்டுங்கள்

கும்பகோணம் பக்கத்தில் தவில், மிருதங்கம், நாகஸ்வரத்துக்கு உறை தைப்பது என் பிழைப்பு. இடையிடையே கடைகளுக்குப் பை, நெல் மூட்டைக்குப் படுதா. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து, 2021 கடைசியில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசு ஆரம்பித்த பிறகு, பை தைக்கப் புதிதாக வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். மஞ்சள் பை தைத்துக் கை பழகியதும் கித்தானுக்கு, அதாவது கான்வாஸுக்கு, வருகிறார்கள். வந்ததும் நான் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் செய்கிறார்கள். ஊசி உடைவதும் நூல் அறுவதும் பத்து நாளில் தானே சரியாகிவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

எண்ணைப் பார்த்து ஏமாறுவது

கடையில் ‘டக்’ என்று ஒரு கித்தான் காட்டுவார்கள். வாத்தைத் தேட வேண்டாம். துணி என்று பொருள்படும் ‘டூக்’ என்ற டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை வைத்திருந்தார்களே, அதே டச்சுக்காரர்கள். சாதாரண டக்கில் பாவு இழைகள், அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓடும், நெசவு நெருக்கமாக இருக்கும். சாதா கான்வாஸ் அதைவிடக் கொஞ்சம் தளர்வு.

கனமான டக்குக்கு எண் உண்டு, அது தலைகீழ் எண். எண் ஏற ஏறத் துணி மெலியும். 10ஆம் எண் சதுர கஜத்துக்குப் பதினான்கே முக்கால் அவுன்ஸ், சுமார் 500 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 500 கிராம். 4ஆம் எண் இருபத்து நான்கரை அவுன்ஸ். இது தெரியாமல் ஈரோட்டுக்குப் போன் போட்டு, “இன்னும் பெரிய நம்பரா அனுப்புங்க” என்று கனத்த துணி கேட்டவன் நான். வந்தது இன்னும் மெல்லிசு. இப்போதெல்லாம் ஜிஎஸ்எம் மட்டும்தான் கேட்கிறேன். தோள்பைக்கு 350 முதல் 400 வரை போதும். தவில் உறைக்கு 500. அதற்கு மேல் போனால் நான்கு மடிப்பு சேரும் மூலையில் வீட்டுத் தையல் மெஷின் திணறும்.

வெட்டிவிட்டு நனைப்பது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இன்றைக்கும் யாராவது இதைச் செய்தால் எனக்குக் கோபம் வரும்.

தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம். ஒரு கல்யாணக் கச்சேரி செட்டுக்கு நான்கு தவில் உறை, நான்கு நாகஸ்வர உறை. காக்கி டக், உள்ளே பாலியஸ்டர் துணி, நீள ஜிப். தைத்து வைத்தபோது பெட்டி மாதிரி விறைப்பாக நின்றன. தையில் வாங்கிப் போனார்கள். முகூர்த்தம் முகூர்த்தமாக அலைந்து, சந்தனமும் குங்குமமும் அப்பி, சித்திரையில் ஒருநாள் துவைத்துவிட்டார்கள். மறுநாள் ஒரு கையில் தவில், ஒரு கையில் உறையோடு கடை வாசலில் வந்து நின்றார் தவில்காரர்.

“என்னண்ணே, தவில் வளந்துடுச்சா, இல்ல உறை சுருங்கிடுச்சா?”

தவிலைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்துக்கு மேல் உறை ஏறவேயில்லை. நாகஸ்வர உறையோ, வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றிய பிறகும், அடியில் விரிந்திருக்கும் அணசு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஜிப் பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது. எட்டையும் என் செலவில் மறுபடி தைத்துக் கொடுத்தேன். அந்த மாதம் மிஞ்சியது ஒன்றுமில்லை.

காரணம் எளிது. தறியில் பாவை இழுத்துக் கட்டி, இழை அறுந்துவிடாமல் இருக்கக் கஞ்சி போட்டுத்தான் நெய்கிறார்கள். திருபுவனத்தில் பட்டுத் தறி பார்த்தவர்களுக்கு அந்த இழுப்பு தெரியும். தண்ணீர் பட்டதும் கஞ்சி போய், பருத்தி இழை உப்பி, இழுத்துப் பிடித்திருந்த பாவு தளர்ந்து, குறுக்கே ஓடும் ஊடை இழையைச் சுற்றி நன்றாக வளைந்துகொள்கிறது. வளைந்த அளவு நீளம் குறையும். அதனால் பாவுப் பக்கம்தான் பொதுவாக அதிகம் சுருங்கும். துவைக்காத கித்தான் 5 முதல் 10 சதவீதம் வரைகூடச் சுருங்கலாம். 36 அங்குலத்தில் 6 சதவீதம் என்றால் இரண்டு அங்குலத்துக்கு மேல் போயிற்று. அணசு வெளியே நீட்டாமல் என்ன செய்யும்?

பாலியஸ்டர் உள்துணியும் ஜிப் நாடாவும் சுருங்காது என்பது இன்னொரு பக்கம். வெளித்துணி சுருங்க, அவை அப்படியே நிற்க, உறை முழுக்கச் சுருக்கம் விழும். பருத்தி நாடாவில் பிடி வைத்தால் அதுவும் சுருங்கும். அதையும் முன்னாலேயே நனைக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் நனைக்காமல் வெட்டுகிறார்கள்? கஞ்சி போட்ட துணி கத்தரிக்கு நன்றாக வழிவிடும், கோடு கோணாது, தைத்த பை எடுப்பாக நிற்கும். துவைத்த கித்தான் தொய்ந்து, முரண்டு பிடிக்கும். போன மாதம் என்னிடம் பழகும் பெண் நாற்பது பை வெட்டிக்கொண்டிருந்தாள். நனைத்தாயா என்றேன். “கடைக்காரரு ஏற்கெனவே சுருக்குன துணின்னு சொன்னாருண்ணா” என்றாள். துண்டு ஒன்றை வாங்கி, 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் கோடு போட்டு, வெந்நீரில் போட்டுக் காயவைத்துத் தேய்த்து அளந்து காட்டினேன். பாவுப் பக்கம் 47 இருந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு 2 சதவீதம், கணக்கை அவளே போட்டாள். சான்ஃபரைஸ் என்ற முறையில் உண்மையாகவே சுருக்கிய துணி என்றால் 1 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். கடைக்காரர் வாய்ச்சொல் சான்ஃபரைஸ் ஆகாது.

நான் செய்வது இது. இரவு முழுக்கத் தொட்டித் தண்ணீரில் முழுத்துணியை ஊறவிடுவேன். காலையில் வெந்நீரில் ஒரு அலசு. முறுக்கிப் பிழியக் கூடாது; டக்கில் விழுந்த முறுக்குச் சுருக்கம் லேசில் போகாது, சாயத் துணியில் வெள்ளைக் கோடாகவே நின்றுவிடும். நிழலில் விரித்துக் காயப்போட்டு, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே தேய்த்துவிட வேண்டும். விறைப்பு வேண்டுமென்றால் தைத்து முடித்த பிறகு நீங்களே கஞ்சி போட்டுக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது?

மெழுகு ஏற்றியது, ரெசின் பூசியது, ஓவியத்துக்கு வெள்ளைப் பூச்சு கொடுத்தது, இவற்றை மட்டும் நனைக்காதீர்கள்.

மூச்சு விடாத துணியில் தோல் வாத்தியம்

மழைக்குப் பயந்து ரெக்சின் பூசிய துணியில் மிருதங்க உறை கேட்பார்கள். கச்சேரி முடிந்து ஈரக் கையோடு தொட்ட தோலை அதில் அடைத்தால் ஈரம் வெளியே போக வழியில்லை. தோல் தளரும், சுருதி இறங்கும், பூஞ்சை பிடிக்கும். பருத்திக் கித்தான் காற்று விடும்.

நெல்லுக்கும் இதே கதைதான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பது விதி. அதற்கு மேல் இருக்கும் குறுவை நெல்லை பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துக் கொட்டும், மேல் நெல் முளைவிடும். பருத்திப் படுதா நனைந்தால் இழை உப்பி நெசவின் துளைகளை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் தண்ணீரைத் தாங்குகிறது. ஆனால் மூட்டை அதன் உட்புறத்தைத் தொட்டால் தொட்ட இடத்தில் ஒழுகும். மூங்கில் வளைத்து இடைவெளி விட்டுத்தான் மூட வேண்டும். இது தெரியாமல் துணியைத் திட்டுகிறவர்கள் நிறைய.

பூச்சில்லாத கித்தானில் எண்ணெய் வண்ணம்

தஞ்சாவூர்ப் படம் கற்கிற பிள்ளைகள் என்னிடம் வெறும் கித்தான் வாங்கிப் போய் எண்ணெய் வண்ணம் தீட்டுகிறார்கள். தஞ்சாவூர்ப் படத்தில் துணியைப் பலகையில் ஒட்டி, மேலே சுண்ணப்பூச்சு கொடுத்துத்தான் தீட்டுவார்கள். அந்தப் பூச்சு இல்லாமல் ஆளிவிதை எண்ணெய் நேராகப் பருத்தியில் இறங்கினால், சில வருடத்தில் துணி அப்பளமாக நொறுங்கும்.

பிடியை ஊடைப் பக்கம் வெட்டுவது

பாவுப் பக்கம் வெட்டுங்கள். அதுதான் குறைவாக நீளும்.

இரும்பு ஐலெட்

கயிறு கோக்கும் துளைக்குப் போடும் வளையம்தான் ஐலெட். இரும்பு துருவேறும், பித்தளை போடுங்கள். நாகப்பட்டினம், தரங்கம்பாடி போகிற பை என்றால் கேட்கவே வேண்டாம்.

மெழுகுக் கித்தான்

நம் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் பிசுபிசுக்கும். நான் தைப்பதில்லை.

ஈரத்தோடு மடிப்பது

ஐப்பசி அடைமழையில் ஒரே வாரத்தில் கரும்புள்ளி விழும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.