வார்டு மெம்பர் கையில் காசு இல்லை. தெருவுக்கு வேலை வாங்குவது எப்படி?

ஊராட்சி வார்டு மெம்பருக்கென்று தனியாக ஒரு ரூபாய் நிதியும் கிடையாது. தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி தொகுதி நிதி உண்டு. மெம்பருக்கு ஊராட்சிக் கூட்டத்தில் ஒரு ஓட்டு மட்டும்தான். ஜெயித்த வாரமே இதைத் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஐந்து வருடமும் "வந்த பணத்தை என்ன பண்ணுனே?" என்ற கேள்விதான்.

2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சியில் மெம்பராக இருந்தேன். அடுத்துத் தேர்தலில் நிற்க நினைக்கும் பெண்கள் சிலர் கேட்டார்கள், அவர்களுக்காக இது.

முதலில், எந்தப் பணத்தில் எதைக் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சிக்கு மாநில நிதிக்குழு மானியம் வரும், மத்திய நிதிக்குழு மானியம் வரும், அப்புறம் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், குளத்து மீன் குத்தகை என்று சொந்த வருமானம். 15-ஆவது மத்திய நிதிக்குழுவின் 2021–26 காலத்தில், வந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம். அதில் போய் சிமெண்ட் ரோடு கேட்டால் நடக்காது. உறிஞ்சு குழி, பைப் லைன், குப்பை அள்ளும் வேலை என்று கேட்டால் நடக்கும். மீதி 40 சதவீதத்தில்தான் ரோடு, விளக்கு எல்லாம். அதிலும் சம்பளம் போட முடியாது. இந்தப் பங்கு நிதிக்குழுவுக்கு நிதிக்குழு மாறும். ஊராட்சி செயலரிடம் அந்த ஆண்டு அரசாணை நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

அடுத்தது மனு. "மேலத் தெருவுக்கு ரோடு வேண்டும்" என்று எழுதினால் அது கோப்பிலேயே தூங்கும். எங்கிருந்து எங்கே வரை, எத்தனை மீட்டர், எவ்வளவு அகலம், எந்த சர்வே எண் என்று எழுதுங்கள். நான் பார்த்த அளவில் பாதி வேலைகள் நின்றது பணம் இல்லாமல் அல்ல, நிலத்தால். வருடக்கணக்கில் எல்லாரும் நடக்கிற பாதை, கடைசியில் பார்த்தால் ஒருவருடைய பட்டாவில் இருக்கும். எஸ்டிமேட் போட ஓவர்சியர் (வேலையை அளந்து மதிப்பிடும் ஒன்றிய அலுவலர்) வரும் முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (நிலம் யாருடையது என்று காட்டுவது) புல வரைபடத்தையும் (அதன் எல்லையைக் காட்டுவது) பார்த்துவிடுங்கள். பட்டா நிலம் என்றால் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் மேலே போகாதீர்கள். வாய்ச் சம்மதம் ஜல்லி இறங்குகிற அன்றைக்கே மாறிவிடும்.

மனுவைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அக்டோபர் 2 கூட்டத்தை விடாதீர்கள், அடுத்த ஆண்டுத் திட்டத்தில் நம் வேலை ஏற வேண்டும். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அதனால் மகளிர் குழுப் பெண்களோடு பேசி அழைத்துப் போங்கள். தீர்மானப் புத்தகத்தில் நம் வேலை மீட்டர் கணக்கோடு ஏறியிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கீழே இடம் காலியாக இருந்தால் கோடு போடச் சொல்லுங்கள். இன்னொன்று, கூட்டத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும், வீட்டுக்காரரை அனுப்பாதீர்கள். ஒரு தடவை அவர் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எல்லாரும் அவரையேதான் தேடுவார்கள்.

ஊராட்சிப் பணம் போதாத வேலைக்கு வெளியே போகலாம். தீர்மான நகல், ஓவர்சியரின் எஸ்டிமேட், நிலத்தின் தாள் மூன்றையும் சேர்த்து நிதியாண்டின் தொடக்கத்திலேயே எம்.எல்.ஏ., எம்.பி. அலுவலகத்தில் கொடுங்கள். மார்ச் நெருங்கிப் போனால் "பார்ப்போம்" என்பார்கள். எம்.பி. நிதியில் ஆதிதிராவிடர் பகுதிகளுக்கு 15 சதவீதம், பழங்குடியினர் பகுதிகளுக்கு 7.5 சதவீதம் என்று ஒதுக்கீடு உண்டு. உங்கள் வார்டில் அப்படிப் பகுதி இருந்தால் மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

'நமக்கு நாமே' திட்டமும் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு ஊர்ப் பணம், மீதி அரசு. எங்கள் பக்கம் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பிள்ளைகள் இருப்பதால் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் மாதிரி வேலைக்கு வசூல் சிரமமில்லை. ஆனால் ரசீது இல்லாமல் யார் கையிலும் பணம் வாங்காதீர்கள். எஸ்டிமேட்டைக் காட்டிய பிறகுதான் வசூல். தொகை தெரியாமல் கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.

வேலை அனுமதியானதும் ஒதுங்கிவிடாதீர்கள். மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சியின் திட்டமும் வரவு செலவும் செல்போனிலேயே தெரியும். காசோலையில் கையெழுத்துப் போடுபவர்கள் தலைவரும் துணைத்தலைவரும். மெம்பருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் பில் போடும் முன் ஒரு டேப் எடுத்துக்கொண்டு ரோட்டை அளந்து பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். எஸ்டிமேட்டில் 120 மீட்டர் இருந்து தரையில் 105 மீட்டர்தான் இருந்தால் பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) எழுத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.