பழைய கணினியில் இறுவட்டு: டிவிடி முதல் ப்ளூரேயின் மேலதிகக் காட்சிகள் வரை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அநேகமான வீட்டு அலுமாரிகளில் ஒரு தட்டு நிறைய இறுவட்டுகள் கிடக்கும். கல்யாண வீடு, சாமத்திய வீடு, கண்ணகி அம்மன் சடங்கு என்று பதிவு செய்த விசிடி, டிவிடிகள் ஒரு பக்கம். லண்டனிலிருந்தோ கட்டாரிலிருந்தோ வந்த உறவினர் கொண்டுவந்த ப்ளூரே படங்கள் இன்னொரு பக்கம். பிளேயர் பழுதாகியிருக்கும். மூலையில் தூசி படிந்து நிற்கும் பழைய டெஸ்க்டாப் கணினியே அந்த வேலையைச் செய்யும். இணையத்தோடு இணைத்தால், சில ப்ளூரேகள் தரும் மேலதிகக் காட்சிகளை இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும். இந்தக் கடைசி விடயத்தில்தான் எல்லோரும் தடுமாறுவது, ஆகவே அதற்குத்தான் இங்கே கூடுதல் இடம்.

எந்த டிரைவ் வேண்டும்?

முதலில் கையிலுள்ள வட்டுகளை வகை பிரியுங்கள். சிடியையும் விசிடியையும் 780 நானோமீற்றர் லேசர் படிக்கிறது. டிவிடிக்கு 650, ப்ளூரேக்கு 405. டிவிடி டிரைவில் ப்ளூரேக்கான அந்த நீலஊதா லேசரே இல்லை. எந்த மென்பொருளைப் போட்டாலும் டிவிடி டிரைவ் ப்ளூரேயைப் படிக்காது. ப்ளூரே டிரைவோ மூன்றையும் படிக்கும். வீட்டில் ப்ளூரே ஒன்றுகூட இல்லையென்றால் சாதாரண டிவிடி டிரைவே போதும், வீண் செலவு வேண்டாம்.

கணினியைப் பொறுத்தவரை, டிவிடிக்கு எந்தப் பழைய பெட்டியும் சரி. 1080பி ப்ளூரேக்கு இன்டெல் மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், எச்.டி.எம்.ஐ வெளியீடு, விண்டோஸ் 10 இருந்தால் நல்லது. 4கே ப்ளூரேயை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். அதற்கு வேண்டிய எஸ்.ஜி.எக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியை இன்டெல் தன் புதிய டெஸ்க்டாப் புரொசசர்களிலிருந்து எடுத்துவிட்டது. புதிய கணினி வாங்கியும் 4கே வட்டு ஓடாமல் போவது இதனால்தான்.

டிரைவைப் பொருத்துதல்

உள்ளே பொருத்தும் 5.25 அங்குல டிரைவுக்கு இரண்டு கேபிள் தேவை: 7 பின் சாட்டா தரவுக் கேபிள், 15 பின் சாட்டா மின் கேபிள். இரண்டும் எல் வடிவ வெட்டுள்ளவை, தலைகீழாகச் செருக முடியாது. செருக முடியவில்லையென்றால் அழுத்தாமல் திருப்பிப் பாருங்கள். மின் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மீதி மின்சாரத்தை வெளியேற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். டிரைவை முன்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளி, பக்கத்துக்கு இரண்டாக நான்கு எம்3 திருகாணிகளைப் போடுங்கள். கேஸ் திருகாணி பருமனானது, அதை வைத்து முறுக்கினால் டிரைவின் புரி கெடும். பழைய பெட்டியிலிருந்து கழற்றிய டிரைவில் 40 பின் பட்டைக் கேபிள் இருந்தால் அது ஐ.டி.இ வகை. இப்போதைய போர்டுகளில் அதற்கு இடம் இல்லை.

யூ.எஸ்.பி டிரைவ் வாங்கினால் கேபிளைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். வட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படும். யூ.எஸ்.பி 2 போர்ட் ஒன்றின் வரையறை 500 மில்லியம்பியர்தான், யூ.எஸ்.பி 3 என்றால் 900. மெல்லிய ப்ளூரே டிரைவ் முன்பக்க போர்ட்டில் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுவிட்டு நின்றால், அது டிரைவ் பழுது அல்ல, மின்சாரம் போதாமைதான். பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள். இரட்டைத் தலைக் கேபிள் வந்திருந்தால் இரண்டு தலையையும் செருகுங்கள். வேகம் குறித்துக் கவலை இல்லை. ப்ளூரே படம் ஒன்று அதிகபட்சம் வினாடிக்கு 54 மெகாபிட் கேட்கும், யூ.எஸ்.பி 2 அதைத் தாராளமாகக் கொடுக்கும்.

விசிடி, டிவிடி

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிவிடி ஓட்டும் வசதி தானாக வருவதில்லை. வி.எல்.சி பிளேயரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் பதியுங்கள், அது இலவசம். பிறகு 'மீடியா' மெனுவில் 'ஓப்பன் டிஸ்க்' போய் டிவிடி அல்லது விசிடி என்று தெரிவு செய்து 'பிளே' அழுத்துங்கள். வட்டின் உள்ளே போய்க் கோப்பை இரட்டைக் கிளிக் செய்யும் பழக்கம் வேண்டாம். டிவிடியில் படம் 1 ஜிபி அளவுத் துண்டுகளாகத்தான் இருக்கும், மாப்பிள்ளை தாலி கட்டும் இடத்தில் துண்டு முடிந்துபோகும்.

பிராந்தியக் குறியீடு

எந்தப் பிராந்தியத்தில் விற்கும் வட்டு என்று காட்ட அதில் இடும் எண் அல்லது எழுத்து இது. வெளிநாட்டு வட்டுகள் ஓடாமைக்கு முதற்காரணமும் இதுவே. டிவிடியில் இலங்கை 5ஆம் பிராந்தியம், இந்தியாவும் அதுவே. பிரித்தானியா, சுவிஸ், கட்டார், சவூதி எல்லாம் 2. கனடா 1. அவுஸ்திரேலியா 4. ப்ளூரேயில் எழுத்து: நமக்கு சி, ஐரோப்பாவுக்கும் மத்திய கிழக்குக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பி, கனடாவுக்கு ஏ. வட்டு உறையின் பின்பக்கம் சிறிய உலகப்படத்தில் டிவிடியின் எண் இருக்கும். ப்ளூரே என்றால் அறுகோண அடையாளத்துள் எழுத்து. ஏ, பி, சி மூன்றும் சேர்ந்திருந்தால் எங்கும் ஓடும்.

டிவிடி டிரைவின் பிராந்தியத்தை 5 தடவைதான் மாற்றலாம். ஐந்தாவது மாற்றத்தோடு அது அப்படியே பூட்டிக்கொள்ளும், விண்டோஸை அழித்துப் பதிந்தாலும் மாறாது, ஏனென்றால் அந்தக் கணக்கு டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, டிரைவின் 'புரொப்பர்ட்டீஸ்' உள்ளே 'டிவிடி ரீஜன்' பக்கத்தில் எத்தனை தடவை மீதி உள்ளது என்று பாருங்கள். பார்ப்பதோடு நிறுத்துங்கள். லண்டன் வட்டு ஒன்றுக்காக மாற்றி, பிறகு சென்னை வட்டுக்காகத் திருப்பி, இப்படியே மாற்றிக்கொண்டிருந்தால் ஒரே வாரத்தில் டிரைவ் பூட்டிவிடும். வீட்டில் எந்தப் பிராந்திய வட்டு அதிகமோ அதற்கே வைத்துவிடுவது புத்தி.

ப்ளூரே ஓட்டுதல்

கடையில் விற்கும் ப்ளூரே குறியாக்கம் செய்யப்பட்டது. வி.எல்.சி தனியாக அதைத் திறக்காது. பவர்டிவிடி போன்ற உரிமம் பெற்ற, காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் வேண்டும். அதிலும் ப்ளூரே ஆதரவுள்ள பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள், மலிவான பதிப்புகளில் அது இருக்காது. டிரைவோடு சேர்ந்து வரும் இலவசப் பிரதியும் ஓடும், ஆனால் குறியாக்கச் சாவிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், புதுப்பிக்க முடியாத பழைய பிரதியில் புதிய படங்கள் திறக்காமல் போகலாம்.

கறுப்புத் திரை, சத்தம் மட்டும் வருகிறது என்றால் கேபிளைப் பாருங்கள். ப்ளூரேக்குக் கணினி முதல் டிவி வரை எச்.டி.சி.பி என்ற பாதுகாப்பு அறாமல் இருக்க வேண்டும். பழைய விஜிஏ மொனிட்டருக்கு அடாப்டர் போட்டு இணைத்தால் அது நடுவில் அறுந்துவிடும். எச்.டி.எம்.ஐ கேபிளை நேரே டிவிக்குக் கொடுங்கள்.

மேலதிகக் காட்சிகள்: எங்கே சேமிக்கப்படுகின்றன?

2006இல் ப்ளூரே வந்தபோது வட்டில் இருப்பதே முழுவதும். பிறகு வந்த 'போனஸ்வியூ' என்ற தரம் பிளேயரில் 256 எம்பி சேமிப்பிடம் இருக்க வேண்டும் என்றது. அதற்கடுத்த 'பிடி-லைவ்' இணைய இணைப்பும் குறைந்தது 1 ஜிபி சேமிப்பிடமும் கேட்டது. பிடி-லைவ் அடையாளமுள்ள வட்டைப் போட்டால், அதிலுள்ள ஜாவா நிரல் தயாரிப்பாளரின் சேவையகத்தோடு பேசி, முன்னோட்டம், பேட்டி, விளையாட்டு என்று இறக்கி வன்தட்டில் வைக்கும்.

வைக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு அடையாள எண், அதன் கீழ் ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு அடையாள எண். இந்த எண்களே கோப்புறைப் பெயர்கள். இறக்கியவற்றோடு ஒரு பட்டியல் கோப்பும் ஒரு மின்கையொப்பக் கோப்பும் வரும். எந்தக் கோப்பு வட்டின் எந்த இடத்தில் சேர வேண்டும் என்பதைப் பட்டியல் சொல்லும், இடையில் யாரும் மாற்றவில்லை என்பதைக் கையொப்பம் உறுதிசெய்யும். இரண்டும் பொருந்தினால் பிளேயர் வட்டையும் வன்தட்டையும் ஒன்றாக்கி, ஒரே வட்டு மாதிரிக் காட்டும். ஆகவே கோப்பின் பெயரை 'முன்னோட்டம் 1' என்று அழகாக மாற்றினால் அது மெனுவிலிருந்து காணாமல் போகும். வட்டு இல்லாமல் அந்தக் கோப்பை மட்டும் பார்க்கவும் எதிர்பார்க்க வேண்டாம், நண்பருக்குப் பென்டிரைவில் கொடுத்தாலும் அதே கதைதான்.

இனி அமைக்கும் முறை:

1. வன்தட்டில் 'டி' போன்ற தனிப் பிரிவில் (பார்ட்டிஷன்) ஒரு கோப்புறை உருவாக்குங்கள். பெயர் ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் இருப்பது பாதுகாப்பு. 'புரோகிராம் பைல்ஸ்' உள்ளே வைக்காதீர்கள். அங்கே எழுத விண்டோஸ் அனுமதி கேட்கும், மென்பொருளோ கேட்கத் தெரியாமல் பேசாமல் தோற்றுவிடும்.

2. மென்பொருளின் செற்றிங்ஸில் ப்ளூரேக்கான பக்கத்தைத் திறந்து, பிடி-லைவ் தரவுக்கான இடமாக அந்தக் கோப்புறையைக் கொடுங்கள். அளவு வரம்பு கேட்டால் 5 ஜிபி கொடுங்கள். 1 ஜிபி தரத்தின் அடிமட்டம், இரண்டு மூன்று படத்தோடு நிறைந்துவிடும்.

3. அதே பக்கத்தில் இணைய அனுமதி இருக்கும்: எப்போதும், பகுதியாக, ஒருபோதும் இல்லை. பகுதி என்பதைத் தெரிவு செய்யுங்கள். சான்றிதழ் சரியாக உள்ள வட்டு மட்டும் அப்போது இணையம் போகும்.

4. வட்டைப் போட்டு, மெனுவில் பிடி-லைவ் பகுதிக்குள் போய் ஒரு காட்சியை மட்டும் இறக்கிப் பாருங்கள். இறங்கிய பின் படத்தை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். பல வட்டுகளில் புதிய கோப்பு அப்போதுதான் மெனுவில் சேரும். இதை அறியாமல் திரும்பத் திரும்ப இறக்கி டேட்டாவைக் கரைப்பவர்கள் உண்டு.

டேட்டா கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 10 மெகாபிட் தரத்தில் 3 நிமிட முன்னோட்டம் 225 எம்பி வரும். போன் ஹொட்ஸ்பொட்டில் இறக்குவதென்றால் விண்டோஸின் வைஃபை செற்றிங்ஸில் அந்த இணைப்பை 'மீற்றர்ட்' என்று குறியுங்கள். பக்கத்தில் விண்டோஸ் அப்டேட் இறங்கிப் பக்கேஜை முடிக்காமல் இருக்கும்.

இறங்கவில்லையென்றால்

பழைய கணினியில் முதல் சந்தேகம் கடிகாரம். மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பற்றரி, 3 வோல்ட் நாணய வடிவம், தீர்ந்துபோனால் ஒவ்வொரு கரண்ட் வெட்டுக்குப் பிறகும் திகதி பல வருடம் பின்னே போய்விடும். சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்தைக் கணினி அந்தத் தவறான திகதியோடு ஒப்பிட்டு 'பொருந்தவில்லை' என்று மறுக்கும். படம் ஓடும், மேலதிகக் காட்சி மட்டும் வராது. பற்றரியை மாற்றித் திகதியைச் சரிசெய்தாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். விலையோ சொற்பம்.

அடுத்தது வெளி வன்தட்டு. நேற்று 'ஈ' என்று இருந்தது பென்டிரைவ் ஒன்று செருகியதால் இன்று 'எஃப்' ஆகியிருக்கும். மென்பொருள் இல்லாத 'ஈ'யைத் தேடிக்கொண்டிருக்கும். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' போய் வன்தட்டுக்கு ஒரு எழுத்தை நிரந்தரமாகக் கொடுங்கள், 'எம்' போன்ற நடுஎழுத்து நல்லது.

இறங்கும்போது கரண்ட் போனால் பாதிக் கோப்பு கிடக்கும், கையொப்பம் பொருந்தாது. எக்ஸ்புளோரரில் போய் அழிக்காமல், மென்பொருளின் செற்றிங்ஸில் உள்ள தரவு நீக்கும் பகுதி வழியாக அந்த வட்டின் தரவை நீக்கி மீண்டும் இறக்குங்கள். அதோடு அந்த வட்டில் நீங்கள் வைத்த பக்க அடையாளங்களும் (புக்மார்க்) விளையாட்டுப் புள்ளிகளும் போகும், அதைத் தவிர்க்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கரண்ட் நிலையில்லாத ஊர்களில் 650 விஏ யூ.பி.எஸ் ஒன்று இருந்தால் டிரைவுக்கும் நல்லது, வன்தட்டுக்கும் நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் 'சேவையகம் கிடைக்கவில்லை' என்றே வந்தால் விட்டுவிடுங்கள். பல படங்களின் பிடி-லைவ் சேவையகங்கள் மூடப்பட்டுவிட்டன. ஏற்கெனவே இறக்கி வைத்தவை மட்டுமே மிச்சம், அதனால்தான் அந்தக் கோப்புறையை மாதத்துக்கு ஒருமுறை முழுதாக, உள்ளமைப்பு மாறாமல் இன்னொரு வன்தட்டுக்குப் பிரதி எடுக்கச் சொல்கிறோம்.

வட்டுகளைக் கவனித்தல்

கல்லடி, காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோர ஊர்களில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த வட்டு ஈரத்தில் உறையோடு ஒட்டிக்கொள்ளும், உப்புக் காற்றில் படலமும் பிடிக்கும். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் மெல்லிய துணியால் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் திசையிலேயே விழுந்து, பிழை திருத்தும் முறையால் ஈடுகட்ட முடியாமல் போகும். பிடிவாதமான அழுக்குக்கு சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த டிரைவை உடனே இயக்க வேண்டாம், கண்ணாடி வில்லையில் நீராவி படிந்திருக்கும், ஒரு மணி நேரம் விடுங்கள்.

வீட்டில் பதிந்த கல்யாண டிவிடிகளை இப்போதே வன்தட்டுக்கு எடுங்கள். அவற்றின் சாயப்படலம் அச்சிட்ட வட்டைவிடச் சீக்கிரம் மங்கும். ஒரு படலமுள்ள டிவிடி 4.7 ஜிபி, நூறு வட்டு இருந்தாலும் 500 ஜிபி வன்தட்டில் அடங்கிவிடும். வட்டிலுள்ள 'வீடியோ_டி.எஸ்.' கோப்புறையை முழுதாகப் பிரதி எடுத்து, வெளியே திகதியும் நிகழ்வும் எழுதிய கோப்புறைக்குள் வையுங்கள், வி.எல்.சியில் அந்தக் கோப்புறையையே திறக்கலாம். தட்டு வெளியே வராமல் வட்டு உள்ளே சிக்கினால், கணினியை நிறுத்திவிட்டு முன்பக்கச் சிறு துளையில் நேராக்கிய கடதாசிக் கிளிப்பை நேரே தள்ளுங்கள்.