லேசர் துடிப்பிலிருந்து டெராஹெர்ட்ஸ் அலை: முதல் முறை செய்பவர்களுக்கு

1 டெராஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு லட்சம் கோடி அதிர்வு. ஒரு அதிர்வுக்கு 1 பிக்கோ நொடிதான். சாதாரண மின்சுற்றுகள் இந்த வேகத்தில் திணறிவிடும். 100 ஃபெம்டோ நொடியே (பிக்கோ நொடியில் பத்தில் ஒரு பங்கு) நீடிக்கும் லேசர் துடிப்புக்கோ இது சாவகாசமான வேலை.

படி 1: டைட்டானியம்-சஃபையர் லேசரை 800 நானோமீட்டரில் வையுங்கள். அந்த ஒளியின் ஃபோட்டான் (ஒளித்துகள்) ஆற்றல் 1.55 எலெக்ட்ரான் வோல்ட். அலையை உண்டாக்கப்போகும் குறைக்கடத்திப் படிகமான கேலியம் ஆர்சனைடின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலெக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல், 1.42. அதனால் ஒளி உட்கவரப்பட்டு விடுபட்ட எலெக்ட்ரான்களும் துளைகளும் (எலெக்ட்ரான் போன வெற்றிடங்கள்) பிறக்கும். கற்றை கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். அதை நம்பிப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடாதீர்கள்.

படி 2: துடிப்பைப் படிகத்தின் மேல் 45 டிகிரியில் விடுங்கள். கேலியம் ஆர்சனைடின் மேற்பரப்பில் ஏற்கெனவே ஒரு மின்புலம் இருக்கிறது. புதிதாகப் பிறந்த எலெக்ட்ரான்களை அது ஒரு பக்கமும் துளைகளை மறுபக்கமும் இழுக்கும். இந்த மின்னோட்டம் சட்டென்று எழுவதால்தான் அலை கிளம்புகிறது. மெதுவாக எழுந்தால் ஒன்றும் வராது. இன்னொரு குறைக்கடத்தியான இண்டியம் ஆர்சனைடில் கதை வேறு: எலெக்ட்ரான்கள் துளைகளை முந்திக்கொண்டு உள்ளே ஓடுவதே அங்கே மின்னோட்டம்.

படி 3: எதிரொளிப்புத் திசையில் வரும் அலையைப் பரவளைய ஆடியால் திரட்டுங்கள். நடுவில் ஒரு சிலிக்கான் தகடு வைத்தால் சிதறிய லேசர் ஒளி நின்றுவிடும், டெராஹெர்ட்ஸ் கடந்துவிடும்.

படி 4: அதே லேசரிலிருந்து பிரித்த இன்னொரு துடிப்பை அலையோடு சேர்த்து ஜிங்க் டெல்லுரைடு படிகத்துக்குள் அனுப்புங்கள். அலையின் மின்புலத்துக்கு ஏற்ப அந்தத் துடிப்பின் தளவிளைவு (ஒளியின் மின்புலம் அதிரும் திசை) மாறும். தாமத மேடையை (ஒரு துடிப்பின் பாதையை நீட்டிக் குறைக்கும் நகரும் ஆடியை) 0.15 மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒளி போய்த் திரும்பும் பாதை 0.3 மில்லிமீட்டர் கூடும். அதுதான் 1 பிக்கோ நொடி. இப்படிப் புள்ளி புள்ளியாக அலையின் முழு வடிவமும் கிடைக்கும். இரண்டு துடிப்புகளும் ஒரே நேரத்தில் வந்து சேரும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி நாள் போகும்.

படி 5: அடுத்து ஓரியல் அதிர்வு. மேற்பரப்பு மின்புலம் திடீரென்று குறைந்ததும் அயனிகள் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடத் தொடங்கும். கேலியம் ஆர்சனைடில் அது 8.8 டெராஹெர்ட்ஸ், ஒரு ஆட்டம் சுமார் 114 ஃபெம்டோ நொடி. 100 ஃபெம்டோ நொடித் துடிப்பு இதற்குப் பத்தாது, 50-க்குக் கீழே போகவேண்டும். ஜிங்க் டெல்லுரைடு 5.3 டெராஹெர்ட்ஸ் பக்கத்தில் அலையை விழுங்கிவிடும் என்பதால், இரண்டாவது துடிப்பை அதே கேலியம் ஆர்சனைடின் மேலேயே விட்டு எதிரொளிப்பு மாறுவதை அளப்பது நல்லது.

டெராஹெர்ட்ஸ் துடிப்புக்குப் பின்னால் வால் போல நீண்ட சிற்றலைகளைப் பார்த்து, படிகம்தான் அதிர்கிறது என்று நான் ஒரு வாரம் குதித்தேன். பெட்டிக்குள் உலர்ந்த நைட்ரஜனை நிரப்பியதும் வால் காணாமல் போயிற்று. காற்றில் இருந்த நீராவி!